குவிக்சில்வர் வாங்க முதல்

வல்வெட்டித்துறை,
தை மாதம்.

அன்பின் தயா,

நாங்கள் எல்லாரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பொங்கல் பட்டப் போட்டி முடிந்துவிட்டது. வாடை இன்னும் விழவில்லை. இரவில் விண் பூட்டிய பட்டங்களின் கூவல் கேட்டபடியே இருக்கிறது.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். ஒகாயோவில் பார்த்த அந்த ஒற்றை ஆள் குவிக்சில்வர் விமானத்தை வாங்கலாமா? முன்பு அல்ட்ராலைட்டுகள், அதாவது இந்த மாதிரி எடை குறைந்த சின்ன விமானங்கள், வரிசையாக நின்ற புல்வெளியில் இப்போது ஏன் இரண்டு மட்டும் நிற்கின்றன? பின்னதை முதலில் எழுதுகிறேன். அது விளங்கினால்தான் முன்னதற்குச் சரியாகப் பதில் சொல்லலாம்.

உங்கள் அமெரிக்காவில் அல்ட்ராலைட்டுகளுக்கென்று 1982இல் வந்த 103ஆம் பகுதி விதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஒரே ஆள். வெற்று எடை 254 இறாத்தலுக்குக் கீழே, அதாவது சுமார் 115 கிலோ; பாரசூட் பூட்டினால் அதற்கு 24 இறாத்தல் தனியாக விடுவார்கள். பெற்றோல் 5 கலன். மட்டப் பறப்பில் வேகம் 55 நொட்டைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர். எஞ்சின் விசை இல்லாமல் இறக்கை காற்றைக் கைவிடும் வேகம், அதுதான் ஸ்ரோல், 24 நொட்டுக்கு மேல் போகக் கூடாது. இதற்குள் நின்றால் லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஒரு ட்ரோன் ஏற்றவே பதிவு கேட்கும் ஊரில் இருந்து பார்க்கிற எனக்கு அது பெரிய சுதந்திரமாகத்தான் தெரிகிறது.

ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் பழகாமல் ஏற ஏலாது. ஒற்றை இருக்கை வண்டியில் முதல் தரமே தனியாகத்தான் ஏற வேண்டும். அதனால்தான் பயிற்சிக்கென்று மட்டும் இரண்டு இருக்கை வண்டிக்கு விதிவிலக்கு கொடுத்திருந்தார்கள்: 496 இறாத்தல், 10 கலன். பயிற்றுநர்களைச் சங்கங்களே பதிந்தன. புல்வெளி வைத்திருந்தவரே வண்டியும் வைத்திருப்பார், பழக்கியும் விடுவார், பழுதும் பார்ப்பார்.

பிழையும் நடந்தது, மறைக்கக் கூடாது. பயிற்சி என்ற பெயரில் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். ஒற்றை இருக்கை வண்டிகளும் எடை கூடிக் கூடி விதியை மீறின. 2004இல் இலகு விமானங்களுக்கென்று லைட் ஸ்போர்ட் விதியும், அவற்றை ஓட்ட ஸ்போர்ட் லைசென்ஸும் வந்தன. இரண்டு இருக்கை வண்டிகளும் எடை மீறியவையும் 2008 ஜனவரி 31க்குள் பதிவெண் எடுக்க வேண்டும் என்றார்கள். விதிவிலக்கும் அன்றோடு முடிந்தது. அப்படி மாற்றிய வண்டிகளைக் கொடுத்துக் கூலிக்குப் பழக்க 2010 ஜனவரி 31 வரைதான் அனுமதி. பிறகு அந்த வேலைக்குப் பெரும்பாலும் தொழிற்சாலையில் கட்டி முடித்த வண்டி வேண்டியிருந்தது. மலிவாக வரும் என்று எதிர்பார்த்த அந்த வண்டிகளில் பல ஒரு இலட்சம் டொலரைத் தாண்டிப் போயின. சில ஆயிரம் டொலருக்கு வாங்குகிற ஒன்றை ஓட்டப் பழக்க, அந்த விலை வண்டிக்கு யார் முதல் போடுவார்? புல்வெளிக்காரர் பழக்குவதை விட்டார். பழக ஆள் வராத இடத்தில் பழுது பார்க்கும் கையும் நிற்காது. 2025இல் வந்த புதிய விதி ஸ்போர்ட் லைசென்ஸ்காரருக்கு இன்னும் பெரிய விமானங்களைத் திறந்து விட்டிருக்கிறது. நல்லதுதான், ஆனால் அடிப்படியில் நிற்கிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

லைசென்ஸ் கேட்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியாவில் லைசென்ஸ் வேண்டும்தான். ஆனாலும் 2014இல் 300 கிலோ வரையான ஒற்றை இருக்கை வண்டிகளை வருடாந்தப் பரிசோதனையில் இருந்து விடுவித்தார்கள். மைக்ரோலைட் என்று அங்கே சொல்லும் இலகு விமானங்களில், இரண்டு இருக்கை வண்டியில் பழகுவதும் தொடர்கிறது. பட்டத்தில் நூலைத் தொடுக்கும் முச்சையைக் கட்டப் பழகுவது போலத்தான் இதுவும். ஒரு விரல் அளவு மேலே கட்டினால் என்ன செய்யும், கீழே கட்டினால் என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குவிக்சில்வர் எடை குறைந்தது. குழாயும் கம்பியுமாக இருப்பதால் காற்று அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று விநாடியில் வேகம் வடிந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் யோசிக்க நேரமில்லை. மூக்கை உடனே, நல்லாய்க் கீழே தள்ள வேண்டும். செஸ்னா மாதிரிக் கனமான விமானத்தில் பழகியவன், விமானம் கொஞ்சத் தூரம் தானாக ஓடும் என்று நினைத்துக் கையை வைத்திருப்பான். அதற்குள் ஸ்ரோல் வந்துவிடும். தரைக்குக் கிட்ட வந்ததும் மூக்கை நிமிர்த்துவதும் அப்படியே: முந்தி நிமிர்த்தினால் ஆளுயரத்தில் வேகம் முடிந்து தொப்பென்று விழும்.

இனி எஞ்சின். படத்தில் இருப்பது ரொட்டக்ஸ் 503: இரண்டு சிலிண்டர், 497 சீசீ, டூ ஸ்ட்ரோக். இப்போது புதிதாகச் செய்வதில்லை. விற்கிறவர் சொல்லும் மணிக்கணக்கை விட, அது எத்தனை வருடம் ஓடாமல் கிடந்தது என்று கேள். 300 மணிக்குப் பிரித்துத் திருத்த வேண்டிய எஞ்சின், 80 மணி ஓடிப் பத்து வருடம் கொட்டிலில் கிடந்தால், கிராங் பெயரிங்கில் துரு இருக்கும், சீல் காய்ந்திருக்கும். காய்ந்த சீலாலும், காபரேற்றர் பூட்டும் ரப்பர் வெடிப்பாலும் கள்ளக்காற்று உள்ளே போகும். கலவையில் பெற்றோல் குறைந்து ஐதாகும். பிஸ்டன் சூடேறி இறுகும்.

புகைக்குழாயைக் கழட்டி, புகைவாசலில் டோர்ச் அடித்துப் பார். பிஸ்டன் பக்கத்தில் நெட்டாகக் கீறல் இருந்தால் ஒரு தரம் இறுகிய எஞ்சின் அது. மெல்லிய மரக்குச்சியால் ரிங்கை அமத்து. வில் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கரி பிடித்து ஒட்டியிருக்கிறது. பெற்றோல் பம்பின் உள்சவ்வும் குழாய்களும் எப்படி இருந்தாலும் மாற்று. எதனோல் கலந்த பெற்றோல் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் தாங்கியில் விடாதே. எண்ணெய் 50க்கு 1: உன் 5 கலன், அதாவது 19 லீற்றருக்கு 380 மில்லிலீற்றர்.

புகைச்சூட்டு மானி இல்லாவிட்டால் பூட்டாமல் ஏறாதே. 650 பாகை செல்சியசுக்கு மேல் போகவே கூடாது. கூடுதலாக அது ஏறுவது முழு விசையில் மேலே போகும்போது இல்லை, அரை விசையில் இறங்கும்போது. மூக்கு கீழே போனதும் எஞ்சின் சுழற்றும் காற்றாடிக்குப் பாரம் குறைந்து எஞ்சின் வேகமாய்ச் சுழலும், பெற்றோல் அந்த அளவுக்கு வராது. இது தெரியாமல் எத்தனையோ பிஸ்டன் போயிருக்கிறது.

போரில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் இங்கே காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின சனம் பிளக்கைக் கழட்டி நிறம் பார்த்தே கலவை சொல்லும். வெள்ளை என்றால் ஐது, கறுத்து ஈரமாய் இருந்தால் தடிப்பு, மண்ணிறம் சரி. அந்தக் கண் உனக்கும் இருக்கிறது. பி8ஈஎஸ் பிளக், இடைவெளி 0.5 மில்லிமீற்றர்.

இறக்கையைத் தாங்கும் கம்பிகளைப் பழைய பஞ்சுத் துணியால் முழு நீளத்துக்கும் உருவு. ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் கொழுவும். கொழுவினால் கம்பியை மாற்று. கம்பி நுனியை மடித்துப் பூட்டிய கண்ணுக்குக் கிட்டக் கவனமாய்ப் பார். போல்ட் ஓட்டை நீள்வட்டமாகி இருந்தாலோ, வளைந்த குழாயை நிமிர்த்தி இருந்தாலோ அந்தக் குழாய் வேண்டாம். இறக்கைத் துணி வெயிலில் உக்கும். முதலில் போவது தையல் நூல். நகத்தால் சுரண்டிப் பார், நூல் தூளாய்ப் போனால் புதுத் துணியின் விலையையும் கணக்கில் சேர்.

மற்றது, காசு கொடுக்க முதல் இரண்டு இருக்கையில் பழக்க ஒருவரைத் தேடிப் பிடி. நாலு மணித்தியாலம் காரோட வேண்டி வந்தாலும் போ. ஆள் கிடைத்த பிறகு வண்டியைப் பேசலாம். அதுவரை அது அங்கேயே நிற்கும், வாங்க ஆள் குறைவு.

புகைவாசலுக்குள்ளால் எடுத்த பிஸ்டன் படம் இரண்டையும், காபரேற்றர் ரப்பரை மடித்துப் பிடித்து எடுத்த படம் ஒன்றையும் அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
குமரன்