கார்பன் சந்தையில ஆத்தங்குடி கல்லு

ஆசிரியருக்கு வணக்கம். கார்பன் டிரேடிங், அதான் ஆலைங்க கார்பன் புகை விடற அனுமதியை வாங்கி விக்கற சந்தை, அதைப் பத்தின உங்க கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த அனுமதியை (பெர்மிட்) யாருக்கு எவ்வளவு குடுக்கறதுங்கறதுலதான் சிக்கலே. ஐரோப்பாவுல 2005-ல ஆரம்பிச்சப்ப இலவசமா அள்ளிக் குடுத்துட்டாங்க, 2007-ல பெர்மிட் விலை கிட்டத்தட்ட ஜீரோ, அப்புறம் எவன் புகையைக் குறைப்பான்? நம்ம நாட்டுல 2023-ல அறிவிச்ச திட்டத்துல மொத்தப் புகைக்கு உச்சவரம்பு கிடையாது, ஒரு டன் சரக்குக்கு எவ்வளவுங்கறதுதான் கணக்கு, அப்ப சிமெண்ட் ஆலை உற்பத்தியை ஏத்திக்கிட்டே போனா மொத்தப் புகையும் ஏறலாம்ல. எங்க பக்கத்து ஆத்தங்குடி கல்லு, அதான் தரைக்குப் போடற டைல்ஸ், சூளையே இல்லாம கண்ணாடி மேல சாயக்கலவை ஊத்தி, தண்ணியில ஊறப்போட்டு வெயில்ல காயவைக்கறது (அதுலயும் சிமெண்ட் இருக்கு, மறைக்கல). அந்தப் பட்டறைக்காரரு, புகை கம்மியா விடறதுக்குக் குடுக்கற கிரெடிட் (விக்கக்கூடிய சான்று) கேட்டுப் போனா அளக்கற செலவுக்கும் ஆடிட் செலவுக்குமே கல்லு வித்த காசு பத்தாது. அதையும் ஒருதரம் எழுதுங்க சார்.

– வாசகர், காரைக்குடி