மோகன்கர் வீடியோவும் என் கவலையும்

மாப்ளே,

சுகம்தானே? இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். பாலைவனத்தில் தண்ணீர் பீறிடும் மோகன்கர் வீடியோவை அனுப்பி, "சரஸ்வதி நதி கிடைச்சிருச்சாமே" என்று கேட்டிருந்தாய். விவரம் தெரியாதவர் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். நீயுமாடா?

நடந்தது இதுதான். 2024 டிசம்பர் 28-ல் ராஜஸ்தானின் ஜைசல்மேர் மாவட்டத்து மோகன்கரில் ஒரு வயலில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார்கள். 850 அடி வாக்கில், கெட்டிக் களிமண்ணுக்கு அடியில் அழுத்தத்தில் கிடந்த தண்ணீர் பீறிட்டது. துளைபோடும் ரிக் வண்டியே குழிக்குள் போனது. இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிட்டது. வருடத்துக்கு 200 மி.மீ. மழையே எட்டாத ஊர். ஆழத்தில் எடுத்தது லேசில் திரும்பச் சேராது.

ஆனால் என் கவலை அந்த ஆழத்துத் தண்ணீரல்ல, மேல்தண்ணீர். பிகானேர், சூரு, ஜைசல்மேர் பக்கம் சில இடங்களில் மணலுக்கு அடியில் தண்ணீரைக் கீழே விடாத ஜிப்சம் அடுக்கு ஓடுகிறது. மழைநீர் அதன் மேல் ஈரமாகத் தங்கும். கீழே இருப்பது உப்புத் தண்ணீர். ஜிப்சத்தை உடைக்காமல் அதன் மேலேயே நிறுத்தித் தோண்டுவதுதான் அவர்களுடைய குயீ என்ற குறுங்கிணறு. ஓர் ஆள் குந்திக்கொண்டு தோண்டும் அகலம்தான். அகலம் கூடினால் கசியும் நீர் அடியில் பரவிவிடும், வாளி முங்காது. மணல் சரியாமலிருக்கக் கீம்ப் புல்லில் திரித்த கயிற்றைச் சுற்றிச் சுற்றி அடுக்குவார்கள். உள்ளே மூச்சு முட்டும். மேலே நிற்பவர்கள் பிடி பிடியாக மணலை வீசிக் காற்றைக் கீழே இறக்குவார்கள். அந்த மணல் தலையில் விழுமே, அதற்காகவே தோண்டுபவருக்கு உலோகத் தொப்பி. நாளுக்குச் சில குடம் ஊறும். உங்கள் ராமநாதபுரத்தில் ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொள்ளும் அதே கணக்கு.

அதன் பக்கத்திலேயே போர் இறக்குகிறார்கள். ஜிப்சத்தைத் துளைத்து, கேசிங்கை (துளைக்குள் இறக்கும் குழாயை) சுற்றி அடியிலிருந்து தரைவரை ஜல்லியைக் கொட்டுகிறார்கள். அந்த ஜல்லியே வடிகாலாகிவிடுகிறது: நல்ல தண்ணீர் நேராக உப்போடு போய்ச் சேரும். குயீ வற்றினால் பழி மழைமேல்!

முறை தெரியாமல் இல்லை. எலக்ட்ரிக் லாகிங் (துளைக்குள் கருவி இறக்கி மின்தடையை அளப்பது) எடுத்து உவர்நீர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும். பெரிய விட்டத்தில் துளைத்து, உவர்நீரையும் தாண்டிக் களிமண்ணில் ஓட்டையில்லாத கேசிங்கை ஊன்ற வேண்டும். சுற்றிலும் 5 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். அதில் சிமெண்ட் பால்: 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். மேலிருந்து ஊற்றினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். சன்னக் குழாயை அடிவரை விட்டுக் கீழிருந்து நிரப்ப வேண்டும். இரண்டு நாள் இறுகிய பிறகு சின்ன விட்டத்தில் தொடரலாம். ஜல்லி அதற்குக் கீழே மட்டும்தான்.

ஆனால் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர் இரண்டு நாள் ரிக்கைச் சும்மா நிறுத்துவாரா? அதனால் சிமெண்ட் வேலைக்கும் காத்திருப்புக்கும் தனித்தனி ரேட் போட வேண்டும். வாழ்நாள் முழுக்க டெண்டர் எழுதியவன் நீ. ஒப்பந்தக்காரர் நழுவ முடியாதபடி நாலு வரி எழுதி அனுப்பு, தமிழில் இருந்தாலும் சரி, நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.