நன்னடத்தைப் பிணையில் வெளியே வந்தவருக்கும் வக்கீல் வேண்டும்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், சிறைக்குப் பதிலாக, ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து ஒருவர் வீட்டுக்குப் போனதும், இலவச வக்கீலின் வேலையும் பெரும்பாலும் அன்றோடு தீர்ந்துவிடுகிறது. ‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்று குடும்பமும் நினைக்கிறது. ஆனால் குற்றம் உறுதியாகிவிட்டது. தண்டனை மட்டும் சொல்லப்படாமல் நிற்கிறது, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு.

புதிதாகக் குற்றம் செய்தால்தான் பத்திரத்தை மீறியதாகும் என்றில்லை. நன்னடத்தை அலுவலரின் பொறுப்பில் விடும் கண்காணிப்பு உத்தரவு இருந்தால் எங்கே குடியிருக்க வேண்டும், குடிக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் பத்திரத்தில் இருக்கும். வேலை கிடைத்ததென்று ஒருவர் திருப்பூருக்குப் போகிறார், யாரிடமும் சொல்வதில்லை. நன்னடத்தை அலுவலர் பழைய முகவரிக்குப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. அவருடைய அறிக்கையே 9-ஆம் பிரிவு நடவடிக்கைக்குப் போதும். நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம். நேராக வாரண்டும் போடலாம். ஆஜரான பின் ரிமாண்டா ஜாமீனா என்பதும் நீதிமன்றத்தின் கையில்.

இதைத் தவிர்க்கும் வழி 8-ஆம் பிரிவில் இருக்கிறது. நிபந்தனையை மாற்றவும் காலத்தைக் குறைக்கவும் முடியும். ஆனால் மனு நன்னடத்தை அலுவலரிடமிருந்து போக வேண்டும். ஊர் மாறுவதற்கு முன்பே அவரைப் பார்த்து எழுத்தில் கேட்டு, கொடுத்த கடிதத்தின் நகலில் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். இதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

விசாரணையில் மீறல் உறுதியானால் இரண்டே வழிகள். முதல் முறை மீறியவர் என்றால், பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இல்லையென்றால் பழைய குற்றத்துக்கே தண்டனை. 1958-இல் எழுதிய ஐம்பது ரூபாய் இன்றும் ஐம்பதுதான். ஒரு பக்கம் ஒன்றுமில்லாத தொகை, மறு பக்கம் சிறை. நடுவில் எதுவும் இல்லாததால் வக்கீல் என்ன சொல்கிறார் என்பதுதான் இங்கே கனம். முதல் மீறல் என்று பதிவு செய்ய வைத்து, வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு என்று கையில் இருப்பதைக் காட்டி அபராதத்தோடு நிறுத்தப் பார்க்க வேண்டும். பணத்தை அன்றே கட்டி ரசீது வாங்கிவிடுவது நல்லது. கெடு தாண்டினால் அதற்காகவே பழைய குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம்.

தண்டனை என்று வந்தால், திருட்டு வழக்கில் மூன்று ஆண்டுகள் வரை போகலாம். பிணையில் ஒழுங்காக இருந்த மாதங்கள் அதில் கழியாது. ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழிக்கக் கேட்க வேண்டும். இதோடு, குற்றத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது என்ற 12-ஆம் பிரிவின் பாதுகாப்பும் போய்விடுகிறது. தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு எதுவோ, அது அவர்மேல் வந்து விழும். ஜாமீன் நின்ற மாமனோ அண்ணனோ பத்திரத் தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று: கோட்டாட்சியர் முன்பு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110 என்றும் இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129 என்றும் சொல்லப்படும் பிரிவில் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தையும் நாளிதழ்கள் ‘நன்னடத்தைப் பிணை’ என்றே எழுதுகின்றன. அது குற்றம் நிரூபணமாகாதவர்மேலும் வருவது. அதை மீறினால் நடப்பதும் வேறு. இரண்டையும் உங்கள் பட்டியல் வக்கீல்களே குழப்புவதுண்டு.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. கண்காணிப்பு உத்தரவின் நிபந்தனைகளை விளக்கி, குற்றவாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் உடனே நகல் தர வேண்டும் என்று 4-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த விளக்கம் தமிழில் நடப்பதைப் பார்க்க ஒரு சட்டத் தன்னார்வலரை நிறுத்துங்கள். நகலோடு அலுவலரின் முகவரி, பத்திரம் முடியும் தேதி, 15100 என்ற இலவச உதவி எண் மூன்றும் உள்ள ஒரு தாளும் போகட்டும். 9-ஆம் பிரிவு சம்மனைக் கொண்டு வருபவருக்கு முதல் வாய்தாவிலேயே வக்கீல் நியமியுங்கள். வாரண்டில் வந்து காவலில் இருப்பவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அவரை வருமானம் பார்க்காமலே சேர்த்திருக்கிறது.