ரிச்சர்ட் தாம்ப்சனைப் பற்றி இப்போதே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் பான்பரி என்ற ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை. உங்கள் ஞாயிறு இணைப்பை வாராவாரம் இணையத்தில் படித்துவிடுவேன். அதில் மேல்நாட்டு இசைக்கலைஞர்களைப் பற்றி வரும் கட்டுரைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எனக்கு ஒரு பெரிய குறை. யாராவது காலமானால்தான் அவரைப் பற்றி அரைப் பக்கம் வருகிறது. அவர் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது ஒரு வரிகூட வந்திருக்காது. இந்த வழக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். யாரிடமிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் தாம்ப்சன்.

1949 ஏப்ரலில் லண்டன் நாட்டிங் ஹில்லில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் போலீஸில் இருந்தவர். 1967இல், பதினெட்டு வயதில், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவில் கிதார் வாசிக்க ஆரம்பித்தார். ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடல்களை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் சேர்த்து ஃபோக்-ராக் என்ற பாணியை இந்த நாட்டில் நிலைநாட்டிய குழு அது. எழுபத்தைந்து வயதில், 2024இல், 'ஷிப் டு ஷோர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பழைய பாட்டுகளைத் தூசி தட்டிப் போட்ட தொகுப்பல்ல, எல்லாம் புதிதாக எழுதியவை.

எங்கள் ஊரிலிருந்து நாலைந்து மைல் தள்ளி குரோப்ரெடி என்ற கிராமம் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர், பக்கத்திலேயே ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய் ஓடுகிறது. ஃபேர்போர்ட் குழு 1979இல் கலைந்துபோவதாக அறிவித்து இங்கே ஒரு வழியனுப்புக் கச்சேரி நடத்தியது. குழு கலைந்தபாடில்லை. அந்தக் கச்சேரிதான் ஆகஸ்டு மாதத்து மூன்று நாள் விழாவாக வளர்ந்தது. ஒரே வயல், ஒரே மேடை. ஒரு காலத்தில் 20,000 பேர் வரை கூடியிருக்கிறார்கள். கால்வாயில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், கிராமத்து மக்கள் காலை உணவு சமைத்து விற்பார்கள்.

எங்கள் வார்டில் போர்ட்டராக இருந்த ஒருவர்தான் என்னை முதலில் அங்கே கூட்டிப்போனார். நைட் ஷிஃப்டில் டீ குடிக்கும் நேரமெல்லாம் அவர் பேசுவது 'ஆர்.டி.'யைப் பற்றித்தான். ரசிகர்கள் அவரை அப்படித்தான் சொல்வார்கள். 2017இல் ஃபேர்போர்ட்டின் ஐம்பதாவது ஆண்டு. ஆரம்ப காலத்து ஆட்கள் பலர் அந்த மேடைக்குத் திரும்பினார்கள், தாம்ப்சனும் வந்தார். எங்களுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ பழைய வருடத்து விழாவின் டி-ஷர்ட், முதுகில் அச்சடித்த பெயர்களெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. மடியில் சின்ன நோட்டு, அதில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே இருந்தார். கழுத்தில் பைனாகுலர் வேறு. பாடகரின் முகத்தைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். எங்கள் போர்ட்டர் சிரித்துக்கொண்டே, "வலது கையை மட்டும்தான் பார்ப்பார்" என்றார்.

அந்த வலது கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தந்தியை மீட்டும் சின்னத் தகடு, பிக் என்பார்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும். அதால் கனத்த தந்திகளில் தாளத்தையும் பேஸையும் ஓட்டுவார். அதே நேரம் மிச்ச விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பறித்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகவே தோன்றும். '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்' பாட்டுக்கு ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து சி-க்கு இறக்குவார், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு. மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப். இவ்வளவும் செய்துகொண்டு, கதையின் ஒரு சொல்லும் தவறாமல் பாடவும் வேண்டும். கிதார் கற்கும் பிள்ளைகள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் இந்த ஒரு பாட்டை உட்கார்ந்து பழகிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. அறுபதுகளின் கடைசியில் லண்டனில் கிதார் எடுத்த பையன்கள் பெரும்பாலும் அமெரிக்க ப்ளூஸ் வாசிப்பைத்தான் விரட்டிப் போனார்கள். தாம்ப்சன் அந்த வழியில் அதிகம் போகவில்லை. அப்பா வீட்டில் வைத்திருந்த ஸ்காட்லாந்துப் பாட்டும் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டும் கேட்டு வளர்ந்தவர், பேக்பைப்பும் ஃபிடிலும் பேசுகிற பாஷையைக் கிதாருக்குக் கொண்டுவந்தார். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து விடாமல் ஒலிக்குமே, அதுபோல ஒரு தந்தி ஒரே சுரத்தில் நிற்க, மெட்டு அதன்மேல் வளைந்து போகும். எனக்கு மேல்நாட்டு இசை அவ்வளவு பழக்கமில்லாத நாளிலும் இது உடனே பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, வாசிப்பு ஒரு பக்கம். ரசிகர்களைக் கட்டிப்போட்டிருப்பது பாட்டுகள். வின்சென்ட் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவனேஜில் தயாரான மோட்டார் சைக்கிள் அது. பிளாக் லைட்னிங் ரகத்தில் மொத்தமே 30 சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். ஜேம்ஸ் என்ற இளைஞன், திருடன், அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறான். மாலி என்ற செம்பட்டை முடிக்காரி அந்த வண்டியைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறாள். ஒரு கொள்ளையில் அவன் சுடப்பட்டுச் சாகக் கிடக்கும்போது வண்டிச் சாவியை அவள் கையில் கொடுக்கிறான். கதை அவ்வளவுதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய குதிரைத் திருடன் பாட்டுக்குரிய கட்டுக்கோப்பு, உள்ளே பெட்ரோல் வாசனை. அமெரிக்கப் பாட்டுகளில் காடிலாக் காருக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் இருக்கும் கவர்ச்சி பிரிட்டிஷ் பொருள் எதற்கு இருக்கிறது என்று தேடித்தான் இந்த வண்டியைப் பிடித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாட்டு வந்தது 1991இல், 'ரூமர் அண்ட் சை' ஆல்பத்தில். பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் டெல் மெக்கூரி இதை ப்ளூகிராஸ் என்ற அந்நாட்டு நாட்டுப்புறப் பாணியில் பாடினார். பாட்டில் வரும் சர்ரே மாவட்டத்து பாக்ஸ் ஹில்லை நாக்ஸ்வில் என்று மாற்றினார், கதை அங்கேயும் சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிட்டது!

'பீஸ்விங்' பாட்டில் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண். வீடு, குழந்தை, பாதுகாப்பு என்று அவளைக் காதலிப்பவன் கொடுக்க நினைப்பது எதையும் அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள். கடைசியில் தெருவில் படுக்கிறாள் என்று கேள்விப்படுகிறோம். பாட்டு அவளைக் கண்டிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. 'அல் பவுலீஸ் இன் ஹெவன்' பாட்டில் இரண்டாம் உலகப் போரில் சண்டைபோட்டு ஊன்றுகோலோடு திரும்பி, வேலைவெட்டி இல்லாமல் அலையும் ஒருவர், இளமையில் ஆடிய நடன இசையை நினைத்துக்கொண்டிருக்கிறார். வார்டில் அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன். அவர்கள் பேசுவதை இவ்வளவு சரியாகக் காதில் வாங்கிய பாட்டு வேறொன்று எனக்குத் தெரியாது. இவருடைய பாட்டெல்லாம் சோகம் என்று ஒரு புகார் உண்டு. உண்மையும்கூட. ஆனால் கேட்பவரை ஏமாற்றாத சோகம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நோயாளியிடம் சும்மா சொல்லக் கூடாது என்று நர்ஸிங் பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1969ஐப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுத முடியாது. மே 12 விடியற்காலை, பர்மிங்ஹாமில் கச்சேரி முடிந்து லண்டன் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். தாம்ப்சனுக்கு அப்போது இருபது வயது. விபத்தில் பிழைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எலும்பு கூடிவிடும். கூட வந்தவன் போய் நாம் ஏன் இருக்கிறோம் என்ற கேள்வி அவ்வளவு சீக்கிரம் கூடுவதில்லை. குழுவைக் கலைக்காமல், ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற இடத்தில் ஒரு பெரிய பழைய வீட்டை எடுத்துத் தங்கி, நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் மூழ்கினார்கள். அந்த டிசம்பரிலேயே 'லீஜ் அண்ட் லீஃப்' வெளிவந்தது. பிபிசி ரேடியோ 2 அதை 2006இல் எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பம் என்று கௌரவித்தது.

விபத்துக்கு முன்னாலேயே, பத்தொன்பது வயதில், தாம்ப்சன் எழுதிய பாட்டு 'மீட் ஆன் தி லெட்ஜ்'. குரோப்ரெடியில் மூன்றாம் நாள் இரவு விழா அதில்தான் முடியும். வயல் முழுக்கச் சேர்ந்து பாடும். போன வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்து இந்த வருடம் இல்லாமல் போனவர்களுக்காகப் பாடுகிறார்கள். எங்கள் போர்ட்டர் தன் தம்பிக்காகப் பாடுவார். ஒரு பாட்டுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

'நீங்கள் கேள்விப்படாத மிகச் சிறந்த கிதார் கலைஞர்' என்று இவரைப் பற்றி எழுதுவது இங்கே ஒரு வாடிக்கையாகிவிட்டது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. 2011இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசப் பட்டம் கொடுத்தார்கள். 2019இல் எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது. ஆர்.ஈ.எம்., பானி ரெய்ட் போன்றவர்கள் இவருடைய பாட்டுகளைப் பாடி 1994இல் ஒரு ஆல்பமே போட்டார்கள். ஹிட் வரிசையில் முதலிடம் வரவில்லை, அவ்வளவுதான். வராததால்தான் ரசிகர்களும் அவரும் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஹிட்டுக்காக வந்த கூட்டம் அடுத்த வருடம் வேறு ஹிட்டுக்குப் போய்விடும். இவர்கள் போகவில்லை. பெற்றோரோடு வந்த குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளோடு வருகிறார்கள்.

கட்டுரை எழுதுபவர் லிண்டா தாம்ப்சனை மறந்துவிடக் கூடாது. எழுபதுகளில் ரிச்சர்டின் மனைவி, பாடகி. 1974இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'ஐ வாண்ட் டு சீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்' ஆல்பத்தின் பாதிப் பெருமை அவர் குரலுக்குத்தான். பெரும்பாலான கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. 1982இல் வந்த 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' அவர்கள் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம். பிரிவைப் பற்றிய ஆல்பம் என்று ரசிகர்கள் வரிக்கு வரி அர்த்தம் சொல்வார்கள். பெரும்பாலான பாட்டுகள் அவர்கள் பிரிவதற்கு முன்பே எழுதப்பட்டவை. எது எப்படியோ, ரோலிங் ஸ்டோன் இதழ் எண்பதுகளின் சிறந்த 100 ஆல்பங்களில் அதற்கு 9ஆம் இடம் கொடுத்தது. பின்னாளில் குரல் தசைகளைப் பாதிக்கும் நோயால் லிண்டாவால் பாட முடியாமல் போனது. 2024இல் தான் எழுதிய பாட்டுகளை மற்றவர்களைப் பாடவைத்து ஆல்பம் போட்டார். அதுவும் தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

தாம்ப்சன் எழுபதுகளில் சூஃபி வழியில் இஸ்லாமைத் தழுவியவர். அந்தக் காலத்துப் பாட்டான 'டிம்மிங் ஆஃப் தி டே' காதலியிடம் சொல்வதா, கடவுளிடம் சொல்வதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பக்திப் பாட்டோடு வளர்ந்த நம் ஆட்களுக்கு அந்தக் குழப்பம் புதிதல்ல, சட்டென்று பிடித்துவிடும்.

இதையெல்லாம் உங்கள் இணைப்பில் யாராவது எழுத முன்வந்தால், கேட்கவேண்டிய வரிசையையும் வாசகர்களுக்குக் கொடுங்கள். முதலில் 1974 ஆல்பம். அப்புறம் அவர் தனியாகக் கிதாரோடு மேடையில் வாசிக்கும் வின்சென்ட் பாட்டும் 'பீஸ்விங்'கும். அதற்குப் பிறகு 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' தலைப்புப் பாட்டின் மின்கிதார். 'லீஜ் அண்ட் லீஃப்' நாலாவதாக வந்தால் போதும். படிக்கிறவர்களுக்கு 2021இல் வெளிவந்த 'பீஸ்விங்' என்ற அவருடைய நினைவுக்குறிப்பு இருக்கிறது, 1975 வரையிலான கதை.

ரசிகர்களிடம் பேச வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். எங்கள் போர்ட்டர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், நேரம் நிறைய இருக்கிறது. அந்த நோட்டுக்காரரையும் அவருக்குத் தெரியும். என் முகவரியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பான்பரி, ஆக்ஸ்ஃபோர்டுஷயர்