முக்கூடல் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள், ஏழெட்டுப் பேர் மேடையில் பேசினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக 32 வருஷம் உழைத்தவர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, எனக்கு உங்கள் வீட்டுத் திண்ணைதான் கண்ணில் நின்றது. அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

1994. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நீங்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் விரித்த பழைய சேலையில் தம்பி மல்லாந்து கிடந்தான். மூன்று வயது. பிறந்ததும் அழாத பிள்ளை என்றீர்கள். மூளை முடக்குவாதம். தூக்கினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும்.

நம் ஜில்லாவுக்கு இந்த வேலை புதிதில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் ஐயா, கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கை கால் இயக்கம் போன பிறகும், 1981லேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் உங்களுக்கு எந்த ஊருக்கும் பஸ் ஏற வழியில்லை. ஒரு நாள் பீடி சுற்றாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் வாரம் ஒரு தடவை நான் வந்தேன்.

வந்து என்ன செய்தேன்? பயிற்சி. காலை விரி, இடுப்பை அசை, தினமும் இத்தனை தடவை. நீங்கள் சரி சரி என்று தலையாட்டினீர்கள். அடுத்த வாரம் வந்து கேட்டால் செய்திருக்க மாட்டீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. அக்கறை இல்லாத தாய் என்று நோட்டில் எழுதி வைத்தேன். இன்று நினைத்தாலும் அந்த வரி என்னைச் சுடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நீங்களே வாய் திறந்தீர்கள்: "டீச்சர், காலை அப்புறம் பாப்போம். ஒருநேரச் சோறு ஊட்ட ரெண்டு மணி நேரமாவுது. பாதி வெளியே வந்துருது, மீதிக்குப் புரையேறுது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஆறு மாதமாக நான் அதைக் கேட்கவே இல்லை, அக்கா.

அன்றுதான் நீங்கள் ஊட்டுவதை உட்கார்ந்து பார்த்தேன். படுக்க வைத்து, தலையை அண்ணாத்தி, தண்ணியாகக் கரைத்த கஞ்சியை ஊற்றினீர்கள். அது மூச்சுக்குழாய்க்குப் போகாமல் என்ன செய்யும்? மாதம் தவறாமல் அவனுக்குச் சளியும் காய்ச்சலும் ஏன் வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அவனை நிமிர்த்தி உட்கார வைத்தோம். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, தாடைக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பிடித்தோம். கஞ்சியைக் கெட்டியாக்கினோம். தட்டையான சின்னக் கரண்டியால் நாக்கின் நடுவில் லேசாக அழுத்திவிட்டு, அவன் உதடு மூடும் வரை பொறுத்திருந்தோம். முதல் வாய் இறங்கியதும் நீங்கள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் உங்கள் ஊர் ஆசாரி இரண்டு பலகையை மூலை சேர்த்து, கால் பின்னாமல் இருக்க நடுவில் ஒரு கட்டையும் வைத்து நாற்காலி அடித்துக் கொடுத்தார். அதில் உட்கார்ந்த பிறகுதான் அவன் தெருவைப் பார்த்தான்.

மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழுக்காக அவனை இடுப்பில் சுமந்து நாம் நாலு தடவை அலைந்தது உங்களுக்கு மறந்திருக்காது. டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1995ல் வந்தது, 2016ல் புதிதாகவும் வந்தது. 7 வகை என்றிருந்த இயலாமைகள் 21 ஆகின. வரிசையில் பிள்ளையோடு நிற்கிற தாய்க்கு ஒரு நாற்காலி போட எந்தச் சட்டமும் வேண்டாம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

"எனக்குப் பிறகு இவனுக்கு யாரு?" என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. 1999ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி 18 வயதுக்கு மேல் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் இருக்கும் குழுவில் மனு கொடுக்க வேண்டும். மகளோடு பேசி முடிவு செய்யுங்கள், எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது அவனுக்கு 34 வயது. அவனைத் தூக்கித் தூக்கி உங்கள் இடுப்பு போய்விட்டது என்று மகள் போனில் சொன்னாள். கட்டில் சக்கர நாற்காலியைவிடத் தாழ்வாக இருக்கிறதல்லவா, முதலில் அதைச் சரி செய்வோம். கட்டில் காலுக்குக் கட்டை கொடுத்து இரண்டையும் ஒரே மட்டமாக்கிவிட்டால், நடுவில் வழவழப்பான பலகை வைத்து அவனை நகர்த்திவிடலாம், தூக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை டேப்போடு வருகிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, வாசல் பக்கம் போடவா என்று அதற்குள் அவனிடம் கேட்டு வையுங்கள். கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம்தானே, இன்னும்?

அன்புடன்,
உங்கள் டீச்சர்