நிகழ்ச்சி நிரலில் இல்லாதவை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஆலோசனைக் குழுவில் உன்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட செய்தியை உன் அம்மா இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். எனக்கும் பெருமைதான், அதை மறைப்பானேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், அங்கே யாரும் யாரையும் அதட்டுவதில்லை, எல்லாரும் பண்பாகப் பேசுகிறார்கள், மேல்தட்டின் ஆதிக்கம் என்று நாம் வீட்டில் பேசிக்கொண்டதெல்லாம் கொஞ்சம் மிகையோ என்று தோன்றுகிறது என எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

31 ஆண்டுகள் ஒரு நிர்வாகக் குழுவின் கூட்டங்களில் மினிட்ஸ் எழுதிய குமாஸ்தா நான் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன பார்த்தேன் என்பதை முழுதாகச் சொன்னதில்லை. மேசையின் கோடியில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, பேச உரிமை கிடையாது. பேச முடியாதவனுக்குக் காது கூர்மையாகிவிடும். அத்தனை ஆண்டுகளில் எவரும் மேசையைத் தட்டியோ குரலை உயர்த்தியோ நான் பார்த்ததில்லை. அதற்கான தேவையே அவர்களுக்கு வரவில்லை. தற்காலிக ஊழியர்கள் தங்களை நிரந்தரமாக்கக் கோரி ஆண்டுதோறும் ஒரு மனு கொடுப்பார்கள். நான் அதை நிகழ்ச்சி நிரலின் வரைவில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ சேர்ப்பேன். வரைவைப் பார்வையிடும் செயலாளர் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு, அதைக் கடைசியில் வரும் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழே நகர்த்திவிடுவார். கூட்டம் அந்த இடத்துக்கு வந்துசேரும்போது பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'நேரமின்மை காரணமாக அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை என் கையாலேயே 11 முறை எழுதியிருக்கிறேன். இன்று யாராவது அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டினால், கோரிக்கையை எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை, ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் பேசவில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார். அது உண்மையும்கூட.

ஓய்வு பெற்றபின் வாசிக்க நேரம் கிடைத்தபோதுதான், இதைப் பற்றி அறிஞர்கள் நெடுநாளாக வாதாடியிருக்கிறார்கள் என்று அறிந்தேன். அமெரிக்காவில் பெருநிறுவனங்கள், ராணுவம், அரசு ஆகிய மூன்றின் உச்சியில் இருப்பவர்கள் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாக இடம் மாறுகிறவர்கள் என்று சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1956இல் எழுதினார். அரசியல் அறிஞர் ராபர்ட் டால் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் எடுக்கப்பட்ட முடிவுகளைத் துறைவாரியாக ஆராய்ந்து, ஒரு விஷயத்தில் ஒரு தரப்பும் இன்னொன்றில் வேறொரு தரப்பும் செல்வாக்குச் செலுத்துகின்றன, எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் ஒரே கூட்டம் என்று எதுவும் இல்லை என 1961இல் சொன்னார். நேர்மையான ஆய்வுதான், நீ எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதுவே. மறு ஆண்டு பீட்டர் பாக்ராக், மார்ட்டன் பாரட்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரையில் அதற்கு மறுப்புச் சொன்னார்கள். முடிவெடுக்கப்பட்ட விஷயங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால், விவாதத்துக்கே வராமல் வாசலில் நிறுத்தப்பட்டவை கணக்கில் வராமல் போய்விடுகின்றன; அப்படி நிறுத்திவைப்பதும் அதிகாரத்தின் இன்னொரு முகம் என்பது அவர்கள் வாதம். அதைப் படித்தபோது அந்தப் பென்சில் என் கண்முன் வந்தது.

இதற்கும் அப்பால் ஒரு படி இருப்பதாக 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் என்ற சமூகவியலாளர் சொன்னார்: குறை இருக்கிறது என்ற எண்ணமே எழாதபடி மனிதர்களின் விருப்பங்களை வடிவமைத்துவிட்டால், யாரையும் வாசலில் நிறுத்தவேண்டிய வேலைகூட மிச்சமாகிவிடும். எங்கள் குழுவுக்குப் பன்னிரண்டாவது ஆண்டு அந்த மனு வரவில்லை. "இப்போது எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள் போலும்" என்றார் ஓர் உறுப்பினர். கேலியாகச் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். லூக்ஸோடு எனக்கு ஒரு சிறு பிணக்கு உண்டு. அந்த ஊழியர்களின் விருப்பம் எங்கும் மாறிவிடவில்லை, அலுத்துப்போய்விட்டார்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுப்பும் சம்மதமும் ஒரே மாதிரித் தெரிகின்றன.

அடுத்து, நீ மெச்சிய அந்தப் பண்பு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு ஒரு தபால் ஊழியரின் மகன். படிப்பால் தம் நாட்டுக் கல்வியுலகின் உச்சிக்குப் போனவர். அதனால்தானோ என்னவோ, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கவனிக்காத ஒன்று அவர் கண்ணில் பட்டது. வீடும் நிலமும் போலவே பேச்சின் தொனி, ரசனை, பெரிய அவையில் கூச்சமின்றி அமரும் இயல்பு ஆகியவையும் தலைமுறைதோறும் கைமாறும் மூலதனமே என்றும், அது கைமாறுவது கண்ணுக்குத் தெரியாததால் பள்ளியும் உலகமும் அதைப் பிறவித் திறமை என்று எண்ணிவிடுகின்றன என்றும் அவர் காட்டினார். நீ சிறுமியாக இருந்தபோது கூட்ட அறிக்கைகளின் பழைய பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னை உரக்கப் படிக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அந்த மேசையின் மொழியை உனக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக்கொண்டிருந்தேன். மனு கொடுத்தவர்களின் வீடுகளிலும் உன் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை.

நீ உன் உழைப்பால் அங்கே போனாய் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திறமையும் உழைப்பும் உள்ளவர்களே மேலே வரும் ஏற்பாட்டைக் குறிக்கும் மெரிட்டாக்ரசி என்ற சொல்லைப் பரவலாக்கிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங், 1958இல் அதை ஓர் எச்சரிக்கையாகத்தான், கேலிப் புனைவாக எழுதினார். தம் நாட்டுப் பிரதமரே அதை உயர்ந்த லட்சியமாகப் பேசத் தொடங்கியதைக் கண்டு 2001இல் வருந்தி எழுத வேண்டியதாயிற்று. பிறப்பால் நாற்காலி பெற்றவனுக்கு இது தற்செயலாக வாய்த்தது என்ற உறுத்தல் எங்காவது ஒரு மூலையில் இருக்கக்கூடும், தேர்வில் தேறி வந்தவனுக்கு அதுவும் இருக்காது என்பதுதான் அவருடைய பயம்.

இத்தாலியின் வெனிஸ் நகரம் 1297இல் தன் பெருமன்றத்தின் உறுப்புரிமையைக் குறிப்பிட்ட குடும்பங்களுக்குள் அடைக்கத் தொடங்கியது. பிறகு 1506இல் அந்தக் குடும்பங்களின் பிறப்புகளைப் பதிய ஒரு பொன்னேடும் வைத்தது. அங்கே கதவை வெளிப்படையாகச் சாத்தினார்கள். கதவைச் சாத்தாமலும் அது நடக்கும். ஃபிளாரன்ஸ் நகரின் 1427ஆம் ஆண்டு வரிக் கணக்கையும் 2011ஆம் ஆண்டு வரிக் கணக்கையும் இத்தாலிய மத்திய வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் ஒப்பிட்டபோது, அன்று மேலே இருந்த குடும்பப் பெயர்களை உடையவர்கள் இன்றும் மேலே இருக்கும் போக்கு தெரிந்தது. ஏறத்தாழ 600 ஆண்டுகளில் எத்தனை ஆட்சிகள் மாறின! இன்றைய சட்டத்தில் அந்தப் பெயர்களுக்கு எந்தச் சலுகையும் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு சதிக் கூட்டம் வேண்டும் என்று நினைக்காதே. சமத்துவத்துக்காகவே தோன்றிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை உள்ளிருந்து பார்த்த சமூகவியலாளர் ராபர்ட் மைக்கேல்ஸ், அங்கும் ஒரு சிலர் கையிலேயே எல்லாம் போய்ச் சேர்ந்ததை 1911இல் எழுதினார். கூட்டம் பெரிதானால் நிர்வாகம் வேண்டும். நிர்வாகத்துக்குப் பழகியவர்கள் வேண்டும். பழகியவர்கள் இடத்தை விட மாட்டார்கள். அவர் இதைத் தப்பவே முடியாத விதி என்றார், அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். அவரே பிற்காலத்தில் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார் என்பது, விரக்தி ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நினைவூட்டுகிறது. எங்கள் குழுவின் செயலாளரும் கெட்டவர் அல்லர். உன் அம்மா நோயுற்றிருந்தபோது எனக்கு ஒரு மாத விடுப்பைக் கேள்வி கேட்காமல் கொடுத்தவர்.

என்னையும் விட்டுவிடாதே. அந்த 11 முறையில் ஒரு முறையாவது, மனு எத்தனை ஆண்டுகளாக ஒத்திவைக்கப்படுகிறது என்ற எண்ணிக்கையை அந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதியிருக்கலாம். அதற்கு எனக்கு உரிமை இருந்தது. யாரும் தடுத்திருக்க முடியாது. எழுதவில்லை.

உங்கள் குழுவின் நிகழ்ச்சி நிரலை யார் தட்டச்சு செய்கிறார் என்று விசாரி. அவர் பெயரைத் தெரிந்துகொள். நிரல் இறுதியாகும் முன் இருந்த வரைவை உனக்கும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேள்; உறுப்பினர் என்ற முறையில் நீ கேட்கலாம். அவர் முதலில் தயங்குவார், செயலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அதற்கு என்ன பதில் வந்தது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா