காய்ந்த விறகு தந்த பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டின் மேல் விழுந்துவிடும்போல் நின்ற எங்கள் மேப்பிள் மரத்தை இறக்கி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் விடிகிற வரை எங்களோடுதான் நின்றீர்கள். வீட்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று எழுதும்போதே கை நடுங்குகிறது.

கயிறு பிடித்தவர்கள், சுள்ளி இழுத்துப் போட்டவர்கள், அம்மாவைத் தங்கள் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டவர்கள், சாப்பாட்டோடு வந்தவர்கள், கேட்காமலே ஏணியை வைத்துவிட்டுப் போனவர்கள். பெயர் சொல்லி எழுத உட்கார்ந்தால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. உச்சியிலிருந்து கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்கிய அந்த இரண்டு பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கூரை மேல் ஒரு சிம்புகூட விழவில்லை.

அப்புறம், எதிர் வீட்டு ஐயா.

இத்தனை வருடத்தில் அவரோடு பத்து வார்த்தை பேசியிருப்பேனா தெரியாது. மரத்தைத் துண்டு போட்டு முடித்த மூன்றாம் நாள், நான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய மேப்பிள், இந்தக் குளிர்காலத்துக்கு அடுப்புக்குக் கவலை இல்லை என்ற நினைப்பு. வீட்டுச் சுவரை ஒட்டி, தரையிலேயே அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் நாலு பக்கமும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அவர் வேலி ஓரமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'தொப்' என்றது. ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போய் வேறு இரண்டு துண்டுகளோடு வந்தார். தட்டினார். 'கணீர்' என்றது.

"கேட்டுச்சாம்மா? இதுவும் மேப்பிள்தான். வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் துண்டின் முனையில் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடிப்பு ஓடியிருந்தது, நிறம் சாம்பலாக வெளுத்திருந்தது, பட்டை கையோடு வந்தது. எங்களுடையது வெள்ளையாக, தொட்டால் குளிர்ந்தது. பச்சை மரத்தில் அவ்வளவு தண்ணீர். அதை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், முனையில் நுரை தள்ளும், புகை குளிர்ந்து புகைபோக்கிக்குள் தார் மாதிரி படியும், ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும் என்றார். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டுமாம். மேப்பிளுக்கு ஒரு வருடமாவது வேண்டும், துண்டு பெரிதாக இருந்தால் இரண்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க வராத அழுகை. மரமும் போய், விறகும் இல்லை என்று ஆனால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

அவர் திரும்பி நடந்தார். சங்கடப்பட்டுப் போகிறார் என்று நினைத்தேன். தள்ளுவண்டி நிறைய காய்ந்த விறகோடு வந்தார். வாசலில் இறக்கினார், அதே வண்டியில் எங்கள் ஈர விறகை ஏற்றிக்கொண்டு போனார். மறுபடி வந்தார். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்வேன் என அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மாத்திக்கிறோம், அவ்வளவுதான். உங்களுது எனக்கு அடுத்த அடுத்த குளிருக்கு ஆகும்."

பதினான்கு நடை. எண்ணினேன். எண்பதை நெருங்குகிறவர், இரண்டு குளிர்காலம் தள்ளி எரியப்போகிற விறகை வண்டி வண்டியாக வாங்கிக்கொண்டு போகிறார். விறகை யாரும் கொடுத்துவிடலாம். இரண்டு வருட வெயிலையும் காற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார் அவர்.

மீதி விறகை அவர் சொன்னபடி திரும்ப அடுக்கினேன். அடியில் கட்டை கொடுத்து, சுவரை விட்டுத் தள்ளி, பட்டை மேலே பார்க்க. மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டாயிற்று. கடைசி வரிசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்த வரிசை எங்களுடையது இல்லை. காய்ந்த விறகு இல்லாமல் யார் வந்து நின்றாலும் அவர்களுடையது. நான் இருக்கிற வரை அது காலியாகாது.

அடிக்கட்டையில் உட்கார்ந்து வளையம் எண்ணினேன். வெளியிலிருந்து 87 வரை வந்தது, அதற்கு உள்ளே உளுத்த தூள்தான். இவ்வளவு பொந்தோடு எத்தனை காற்றைத் தாங்கி நின்றதோ. வேலி ஓரம் அதன் கன்று ஒன்று இருக்கிறது. வருடா வருடம் புல்லோடு சேர்த்து வெட்டித் தள்ளுவேன். இப்போது பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டிருக்கிறேன்.

காத்திருந்து எரிக்க இடம் உள்ளவர்கள் மீதித் துண்டுகளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தூர ஊருக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், பட்டைக்குள் வண்டு இருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

ஐயா, உங்கள் தள்ளுவண்டி எங்கள் வாசலிலேயே நிற்கிறது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். மாலையில் கொண்டுவருகிறேன்.